வன்னியில் கிணறு வெட்டுமுன்: நிலத்தடி நீரை அளக்கவும் காக்கவும் பங்கிடவும்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் புதிதாகக் காணி திருத்த வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடியில் தண்ணீர் வரும்?" என்பது. மார்கழியில் அதற்குப் பதில் சொல்வது சுலபம். பல இடங்களில் மண்வெட்டியாலேயே நீரைத் தொட்டுவிடலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. சோளகக் காற்று அடிக்கும் ஆவணி மாதத்தில், அயல் கிணறுகளும் இறைபடும் நாட்களில், இந்த நிலத்துக்குள் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கும்? இதற்கு விடை தெரியாமல் வெட்டிய கிணறு மாசியில் ததும்பி, ஆடியில் அடி காட்டும். இந்த விடையை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டபின் என்ன செய்வது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். மீளக் குடியேறியவர்களையும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பித் தோட்டம் செய்விப்பவர்களையும், கமக்காரர் அமைப்பில் பொறுப்பேற்ற இளையவர்களையும் மனதில் வைத்திருக்கிறேன்.

வன்னியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 முதல் 1500 மில்லிமீற்றர். மன்னார்ப் பக்கம் குறைவு, முல்லைத்தீவுப் பக்கம் கூடுதல். அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் கொஞ்சம் பெய்யும்; பிறகு புரட்டாசி வரை வானம் பார்த்திருக்க வேண்டியதுதான். கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் மழையோடு ஓடி மழையோடு வற்றுகிறவை. ஆகவே கிணற்றில் நிற்பது பெரும்பாலும் போன மாரியின் மிச்சம். ஆண்டுக்கு ஆண்டு நிரம்பி, ஆண்டுக்கு ஆண்டு தீரும் நீர் அது. 2016 இலும் 2017 இலும் மாரி பொய்த்தபோது குடிநீர்க் கிணறுகளே வற்றி, பவுசர் வண்டிக்குக் குடங்களோடு ஊர் காத்திருந்தது.

காலடியில் என்ன நிலம்?

எதையும் அளக்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வன்னி முழுவதும் ஒரே நிலம் அன்று; கிளிநொச்சியில் ஒருவருக்குப் பலித்த வழி வவுனியாவில் இன்னொருவருக்குப் பெரும் நட்டமாகலாம்.

வவுனியாவின் பெரும்பகுதியும், மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற உள்நிலங்களும் கடும்பாறைப் பிரதேசம். மேலே செங்கபில மண், அதன்கீழ் உக்கி உதிர்ந்த பாறை, அதற்கும் கீழே உடையாத கருங்கல். நீர் தங்குவது நடுவில் உள்ள அந்த உக்கிய படையில்தான். பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு 10 மீற்றர் அளவைத் தாண்டுவதில்லை. ஒரே காணியின் ஒரு மூலையில் 8 மீற்றரும் மறு மூலையில் 2 மீற்றருமாக இருப்பதும் உண்டு. படை மெல்லியது என்பதால் இங்கே அகன்ற கட்டுக்கிணறுதான் பொருந்தும். இரவில் ஊறி வருவதைச் சேர்த்து வைக்கும் தொட்டியாகவும் அது வேலை செய்கிறது. கருங்கல்லைத் துளைத்துக் குழாய்க்கிணறு போட்டால், பாறை வெடிப்பு அகப்பட்டால் மட்டுமே நீர். அகப்படாவிட்டால் செலவழித்த பணம் துளைக்குள் போனதுதான்.

மேற்கே மன்னார்ப் பெருநிலப்பரப்பின் ஒரு பகுதியிலும் முழங்காவில், பூநகரிப் பக்கத்திலும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. முருங்கன், கொண்டச்சி, முழங்காவில் பகுதிகளில் அந்தக் கல்லுக்குள் ஆழத்தில் அடைபட்ட நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அங்கே ஆழ்துளைக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த நீர் ஒரு மாரியில் திரும்ப நிரம்புவதில்லை. அதை நெல்லுக்கு இறைப்பவர் பேரப்பிள்ளைகளின் குடிநீரை இறைக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவது, முல்லைத்தீவுக் கரையோரமும் மன்னார்த் தீவும் போன்ற மணல் நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது விதி. இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும்: மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால் உவர் கீழிருந்து நாற்பது சாண் ஏறப் பார்க்கும். கரையோரத்தார் பூவல் என்னும் ஆழமற்ற குழி தோண்டி, ஆழம் போகாமல் மேல்நீரை மட்டும் அள்ளியதற்குக் காரணம் இதுதான். மணலில் கிணறு அகலமாகலாம், ஆழமாகக் கூடாது. பெரிய பம்பியை வைத்து ஒரே மூச்சில் இறைக்கவும் கூடாது.

உங்கள் காணி எந்த வகை என்று அறிய, அருகில் புதிதாகக் கிணறு வெட்டும் இடங்களில் வெளியே கொட்டிய மண்ணைப் பாருங்கள். அடிக்கு அடி என்ன வந்தது என்று வெட்டியவரைக் கேட்டு எழுதுங்கள். அயலில் பத்துக் கிணறுகளின் விபரம் சேர்ந்தால் எந்தப் பக்கம் படை தடிப்பு, எங்கே பாறை மேலே வருகிறது என்பது துலங்கிவிடும்.

நீர்மட்டத்தை அளத்தல்

வேண்டியவை ஓர் அளவு நாடா, ஒரு குண்டு, சோக்கட்டி, ஒரு கொப்பி. கிணற்றுக்கட்டில் ஓரிடத்தைப் பெயின்ற்றால் குறியிடுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளவு. நாடாவின் கடைசி மீற்றருக்குச் சோக்கட்டி தடவி இறக்கினால் நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். குறியிலிருந்து நீர்வரை உள்ள தூரத்தில், தரையிலிருந்து குறிவரை உள்ள கட்டின் உயரத்தைக் கழித்துவிடுங்கள். விடியற்காலையில், யாரும் பம்பி போடுமுன் அளப்பது முக்கியம். நேற்றிரவு இறைத்திருந்தால் அதையும் குறியுங்கள்.

மாதம் ஒருமுறை அளந்தால் மிக நல்லது. முடியாதவர்கள் ஆண்டில் இரண்டு அளவுகளைத் தவறவிடக் கூடாது: மாரி ஓய்ந்து மட்டம் உச்சியில் நிற்கும் தை இறுதி, மழை தொடங்குமுன் அடியில் கிடக்கும் புரட்டாசி நடுப்பகுதி. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஊரின் ஆண்டு வரவைக் கணிக்க உதவும் முதல் எண். ஒரே கிணற்றை நம்பாமல், குளக்கட்டின் கீழ் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று தெரிந்தெடுங்கள். மேட்டுக் கிணறுதான் ஊருக்கு முதல் எச்சரிக்கை தரும். குளத்தடிக் கிணறு குளம் வற்றும்வரை பொய்யான தைரியம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கிணறு எவ்வளவு ஊறுகிறது?

"நல்ல ஊற்று" என்ற சொல்லை வைத்து ஏக்கர் கணக்குப் போட முடியாது. ஆடி அல்லது ஆவணியில் ஒரு மாலை கிணற்றைப் பெரும்பகுதி இறையுங்கள். பம்பியை நிறுத்தியதும் மட்டத்தை அளந்து நேரத்தைக் குறியுங்கள். பிறகு ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை, இருட்டியபின் இயலாவிட்டால் மறுநாள் விடியலில் ஒருமுறையாவது அளவெடுங்கள்.

16 அடி விட்டமுள்ள கிணறு என்று வைப்போம். ஏறத்தாழ 5 மீற்றர். அதன் வாய்ப் பரப்பு 19.6 சதுர மீற்றர். ஓரிரவில் மட்டம் ஒரு மீற்றர் ஏறினால் ஊறியது 19,600 லீற்றர். இனிச் செலவைப் பாருங்கள். வரண்ட காலத்தில் வெங்காயம், மிளகாய் போன்ற பயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீரைக் குடிக்கும். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது 4,047 லீற்றர். ஆகவே 5 மில்லிமீற்றர் என்றால் 20,000 லீற்றர். அதாவது அந்தக் கிணறு, ஒரு சொட்டும் வீணாகாமல் பாய்ச்சினால், ஓர் ஏக்கருக்குக் காணும். மண் வாய்க்காலில் விட்டுப் பாத்தி கட்டிப் பாய்ச்சினால் முக்கால் ஏக்கர்கூடச் சிரமம். ஒன்றரை ஏக்கர் மிளகாய் நட்டுவிட்டு ஆடியில் தண்ணீர் தேடி அலைவதைவிட, வைகாசியிலேயே முக்கால் ஏக்கரோடு நிற்பது எவ்வளவோ மேல்.

பம்பி எவ்வளவு இறைக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள். 200 லீற்றர் பரல் ஒன்று நிறைய எத்தனை செக்கன் என்று கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தால் போதும்.

ஊரின் வரவு செலவு

இந்தப் பகுதியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய பயன் இதில்தான். ஒரு சிறுகுளத்தின் கீழும் அதன் மேட்டிலுமாக 100 ஏக்கர் இருக்கிறது என்போம். புரட்டாசிக்கும் தைக்கும் இடையே கிணறுகளில் மட்டம் சராசரி 3 மீற்றர் ஏறியது. இந்த 3 மீற்றரும் நீர் அன்று. மண்ணும் கல்லும்தான் பெரும்பகுதி. உக்கிய பாறை தன் கனவளவில் 1 முதல் 5 வீதம்வரையான நீரையே கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கும். கணக்குக்கு 2 வீதம் வையுங்கள். 3 மீற்றரில் 2 வீதம் 60 மில்லிமீற்றர். 100 ஏக்கருக்கு அது ஏறத்தாழ 24,000 கன மீற்றர். 90 நாள் பயிருக்கு ஏக்கருக்கு 1,800 கன மீற்றர் வேண்டும். வகுத்துப் பார்த்தால் 13 ஏக்கர்.

நூறு ஏக்கர் நிலத்தின் நிலத்தடி நீர், பதின்மூன்று ஏக்கர் வெங்காயத்துக்கு! அதிலும் வீட்டுத் தேவை, மாடுகள், ஆழ வேரோடிய மரங்கள், தாழ்வுக்குத் தானாக வடிந்து போவது எல்லாவற்றையும் கழித்துப் பாதியை மட்டும் பயிருக்கென்று வைத்தால் ஆறு ஏழு ஏக்கர்தான். சிறுபோக (கோடைப் பருவ) நெல்லைக் கிணற்று நீரில் செய்ய நினைத்தால் அதுவும் பாதியாகச் சுருங்கும். நெல்லுக்கு இரண்டு மடங்குக்கு மேல் நீர் வேண்டும். உழுந்து, பயறு, கச்சான் என்றால் குறைந்த நீரில் கூடுதல் நிலம் செய்யலாம். உங்கள் ஊரின் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுதான்.

கணக்கு கையில் வந்ததும் அதைத் தனியே வைத்திருப்பதில் பயனில்லை. வன்னியில் ஓர் அருமையான நடைமுறை இருக்கிறது: சிறுபோகத்துக்கு முன் கமக்காரர்கள் அதிகாரிகளோடு கூடி, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை வைத்து எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கிறார்கள். இரணைமடுக் குளம் 36 அடி நிறைந்த ஆண்டில் ஒரு கணக்கு, குறைந்த ஆண்டில் வேறு கணக்கு. வவுனிக்குளத்தின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் அப்படியே. குளத்து நீரை அடி பார்த்துப் பங்கிடத் தெரிந்த சமூகம், அதே வாய்க்காலின் ஓரத்தில் நிற்கும் கிணறுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. குளமும் கிணறும் ஒரே நீர். குளம் நிறைந்து நிற்கையில் கட்டின் கீழுள்ள கிணறுகள் ஏறும். துருசை (மதகை) திறந்து குளத்து நீரை முடித்துவிட்டால் அவை இறங்கும். எனவே தை இறுதியில் எடுத்த கிணற்று அளவுகளைக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் அந்தக் கூட்டத்துக்குக் கொண்டு போகட்டும். கிணற்றுத் தோட்டம் எத்தனை ஏக்கர் என்பதும் அங்கேயே பேசப்படட்டும். குளத்தில் கடைசி இரண்டு மூன்று அடி நீரை வயலுக்கு விடாமல், கிணறுகளுக்காகவும் மாடுகளுக்காகவும் நிறுத்தி வைப்பது பற்றியும் அங்கே கேளுங்கள். முதலில் எதிர்ப்பு வரும். எண்களைக் காட்டிப் பேசுங்கள்.

சூரிய சக்திப் பம்பி பற்றி ஒரு சொல். எரிபொருள் செலவில்லை என்பது கமக்காரருக்குப் பெரிய ஆறுதல். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் விலைதான் இதுவரை பலரின் கையைப் பிடித்து வைத்திருந்தது. இனி அந்தத் தடையை நீங்களே போட வேண்டும்: இரவு ஊறியதை அளந்து, அதற்கு மேல் இறைப்பதில்லை என்று மணிக்கணக்கு வையுங்கள்.

நீரைக் காத்தல்

வன்னியில் நிலத்துக்குள் நீரை இறக்கும் மிகப் பெரிய கருவி சிறுகுளம். ஒன்றின் வான் (மிகைநீர் வழியும் வாய்) பாய்ந்த நீர் அடுத்ததற்குப் போகும்படி தொடராகக் கட்டப்பட்டவை அவை. போர்க்காலத்தில் கைவிடப்பட்டு உடைப்பெடுத்த குளங்கள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. உங்கள் ஊரின் மேலே அப்படியொன்று இருந்தால், புதிய கிணற்றுக்கு மானியம் கேட்குமுன் அந்தக் கட்டைத் திருத்தும்படி கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பவை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குளத்துக்கும் அதன் ஒதுக்கு நிலத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. அலைகரையை (குளத்து நீரின் விளிம்பு நிலத்தை) பிடித்து வேலி போடுகிறவர்களிடம் ஊரே சேர்ந்து பேச வேண்டும். அங்கு நிற்கும் மருதமரங்களையும் புல்லையும் அழித்தால் மழையோடு மண் நேரே குளத்துக்குள் வந்துவிடும்.

தூர் வாரும்போது ஓர் எச்சரிக்கை. இயந்திரத்தைக் கொண்டுவந்து குளத்தின் நடுவில் ஆழக் கிடங்கு தோண்டுவது தூர் வாருவது ஆகாது. அடியிலுள்ள களிப்படை உடைந்தால் குளம் நீரைத் தாங்காமல் போகலாம். படிந்த வண்டலை மட்டும் சீராக எடுத்து வயலுக்குப் போடுங்கள், நல்ல பசளை. ஆற்று மணலும் அப்படியே. மணல் படுகை மாரி நீரைப் பிடித்து இரு கரைக் கிணறுகளுக்கும் மெல்லக் கொடுக்கிறது. லொறி லொறியாக அதை ஏற்றினால் ஆறு வெறும் வடிகாலாகிவிடும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவற்றை விவசாயப் போதனாசிரியர்கள் விரிவாகச் சொல்வார்கள். வாய்க்காலுக்குப் பதில் குழாய், முடிந்தால் சொட்டு நீர்ப்பாசனம், வைக்கோலாலும் சருகாலும் மண்ணை மூடும் பத்திரக்கலவை, சோளகத்தைத் தடுக்க உயிர்வேலி, மேட்டில் சரிவுக்குக் குறுக்கே வரம்பு. கைவிட்ட கிணற்றுக்குள் கூரை மழைநீரை வடிகட்டி விடலாம். தோட்டத்து வெள்ளத்தை விடக் கூடாது, அதனோடு பசளையும் கிருமிநாசினியும் சேர்ந்து இறங்கும்.

குடிக்கலாமா, பாய்ச்சலாமா?

நாக்கை நம்பாதீர்கள். உவரைத்தான் நாக்கு அறியும். புளோரைட்டையும் நைத்திரேற்றையும் அறியாது. உவரைப் பார்க்க மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கமக்காரர் அமைப்பு வாங்கி வைத்தால் ஊருக்கே உதவும். பாய்ச்சும் நீரில் அது சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமென்சுக்குக் கீழ் இருந்தால் எந்தப் பயிருக்கும் தடையில்லை. வெங்காயம் 800 இலும் மிளகாய் 1,000 இலும் விளைச்சல் குறையத் தொடங்கும். 3,000 தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு அந்த நீர் உதவாது. பூநகரியிலும் மன்னார்க் கரையோரத்திலும் ஆவணி அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தை மாத அளவு ஏமாற்றும்.

குடிநீருக்கு ஆய்வுகூடப் பரிசோதனை கட்டாயம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் நீர்வளச் சபையும் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. இலங்கையில் குடிநீருக்கான புளோரைட் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். கடும்பாறை நிலத்து ஆழமான குழாய்க்கிணறுகளில் இது கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். கொதிக்க வைத்தால் போகாது, இன்னும் செறியும். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் பரவியிருக்கும் கிராமங்களில் கிணற்று நீரைச் சோதிக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மழைநீர்த் தொட்டி அங்கே நல்ல வழி: 50 சதுர மீற்றர் கூரையில் 1000 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது போக ஏறத்தாழ 40,000 லீற்றர் பிடிக்கலாம். ஐந்து பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் வீதம் எட்டு மாதத்துக்கு வேண்டியது 6,000 லீற்றர்தான்.

இனி வெட்டலாம்

இவ்வளவும் பார்த்தபின் கிணறு வேண்டும் என்று தோன்றினால் இடம் தெரிவு செய்யுங்கள். நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது ஊர்வழக்கம். அழைத்தாலும், அவர் காட்டிய இடத்தில் கைத்துளைக் கருவியால் இரண்டு மூன்று சோதனைத் துளைகள் போட்டுப் பாறை எத்தனை அடியில் முட்டுகிறது என்று பார்த்தபின் வெட்டுங்கள். பெருஞ்செலவில் குழாய்க்கிணறு போடுகிறவர்கள் நீர்வளச் சபையிடம், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அடியில் உள்ளதைக் கணிக்கும் மின்தடை அளவீடு செய்விக்கலாம். அயல் கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு: அங்கே நாள் முழுவதும் இறைக்கும்போது உங்கள் சோதனைத் துளையில் மட்டம் இறங்கினால், இருவரும் ஒரே நீரைப் பகிரப் போகிறீர்கள். இன்னும் விலகிப் போங்கள், அல்லது இருவரும் சேர்ந்து ஒரு கிணற்றைப் பயன்படுத்துங்கள். மலசலகூடக் குழியிலிருந்து குறைந்தது 50 அடி. மணலிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இன்னும் கூட.

போருக்குப் பின் திருத்தப்படாத காணி என்றால் மண்வெட்டியை எடுக்குமுன் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம்தானா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதி செய்யுங்கள். பாழ்கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றுள் வெடிபொருள் கிடந்திருக்கலாம். சந்தேகமான எதையும் தொடாமல் விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

வெட்டும் காலம் ஆவணியும் புரட்டாசியும். மட்டம் அடியில் இருக்கும்போது வெட்டினால்தான் கோடைக்கும் நிற்கும் ஆழம் கிடைக்கும். வெட்டும்போது ஊறும் நீரை இறைக்கப் பெற்றோல் பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை; உள்ளே நிற்பவர் அறியாமலே மயங்கிவிடுவார், தூக்கப் போகிறவரும் அப்படியே. பம்பி மேலேயே நிற்கட்டும், இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்கட்டும், மேலே இரண்டு பேர் கட்டாயம் நிற்கட்டும். கட்டு எழும்பியதும், முதல் மாரிக்கு முன்பே, நாடாவை இறக்கி முதல் அளவை எடுத்துக் கொப்பியில் திகதியோடு எழுதிவிடுங்கள்.